நிவாரணமா, நஷ்டஈடா?

1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளம் என்ற தலித் ஊருக்குள் சுமார் 600 போலீசார் புகுந்தார்கள். டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், டிராக்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடித்து நொறுக்கினார்கள். துணிமணியோடு பாஸ்போர்ட்டும் படித்த பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் தீயில் போயின. குடிக்கிற கிணற்றிலே விஷத்தைக் கலந்தார்கள் என்றது ஊர்ச்சனம். வளைகுடா போய்ச் சம்பாதித்த காசில் ஊர் நிமிர்ந்திருந்தது. அந்த நிமிர்வைத்தான் உடைத்தார்கள்.

அடுத்தவன் சொத்தை வேணும்னே அழித்தவன் ஈடு கொடுக்கணும். சிவில் சட்டத்தின் பாலபாடம் இது. அழித்தது போலீஸ் என்றால்? 1947இல் மீரட் போலீஸ் ஒரு வியாபாரியிடம் தங்கத்தைப் பறிமுதல் செய்தது. ஏட்டு ஒருவரே அதைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடினார். பறிமுதல் என்பது இறையாண்மைப் பணி, அரசு ஈடு தர வேண்டியதில்லை என்று 1964இல் கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடைத்த அந்தக் கதவை 1994இல் நாகேந்திர ராவ் வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் திறந்தது. அடுத்த வருஷமே கொடியன்குளம்.

அரசு பணம் அறிவித்தது. ஊர் வாங்க மறுத்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் கொடுப்பது நிவாரணம். அதில் குற்றவாளி கிடையாது. நஷ்டஈடு என்றால், ‘உடைத்தது நான்தான்’ என்று அரசு ஒப்புக்கொள்ளணும். நமக்கு வரவேண்டிய பாக்கி அதுதான்.