எழுதுகோல் உழவர் பிரேம்சந்த்

உழவன் விளைத்த நெல்லுக்கு விலை உண்டு. நெசவாளன் நெய்த துணிக்கு விலை உண்டு. கதை புனைவோன் படைத்த கதைக்கு மட்டும் பாராட்டே கூலி என்று உலகம் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் நாம், சம்பளத்தைத் துறந்து எழுத்தையே நம்பி வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை அறிந்துகொள்வது பொருத்தமுடையதாகும். அவர் நமக்கு அயலார் அல்லர். பிழைப்பு நாடி வந்து நாம் வாழும் இந்த வடநாட்டின் மைந்தர். பண்டிகைச் சந்தையில் பொம்மை வாங்காமல், பாட்டியின் கை சுடாதிருக்க இடுக்கி வாங்கி வந்த ஹமீது என்னும் சிறுவனைப் பற்றி, இந்திப் பாடநூலில் படித்த நம் பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லுகிறார்கள் அன்றோ? 'ஈத்கா' என்னும் அக்கதையை எழுதிய முன்ஷி பிரேம்சந்தே அவர்.

இளமையும் கல்வியும்

காசிக்கு அண்மையிலுள்ள லமஹி என்னும் சிற்றூரில் 1880 ஜூலை 31 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தன்பத் ராய். தந்தையார் அஜாயப் லால் அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஆகவே மாதக் கடைசியின் முகம் எப்படியிருக்கும் என்பதை இவர் இளமையிலேயே கண்டவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். வீட்டில் கிடைக்காத ஆறுதலைக் கதைகளில் தேடினார். கோரக்பூரில் புத்தகக் கடைக்காரர் ஒருவரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். பாடநூல் விளக்கவுரைகளைப் பள்ளி மாணவர்களிடம் விற்றுத் தருவது. அதற்குக் கைம்மாறாகக் கடையிலுள்ள உருது நாவல்களை வாங்கிச் சென்று படித்துவிட்டுத் திருப்பித் தருவது. எழுத்துலகில் அவர் ஈட்டிய முதற் கூலி இதுவே எனலாம்.

பதினைந்து வயதில் திருமணம். சில காலத்தில் தந்தையார் மறைவு. குடும்பப் பாரம் முழுவதும் இளந்தோளில் விழுந்தது. 1898-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டாம் வகுப்பில் தேறினார். கல்லூரிப் படிப்புக்குக் கணிதம் குறுக்கே நின்றது. கையில் காசற்ற ஒரு நாளில், தம்மிடமிருந்த கணித விளக்கநூலை ஒரு ரூபாய்க்கு விற்கப் புத்தகக் கடைக்குச் சென்றார். அங்கே சந்தித்த தலைமையாசிரியர் ஒருவர், சுனாரிலிருந்த தம் பள்ளியில் மாதம் 18 ரூபாய்க்கு ஆசிரியர் வேலை தந்தார். 1900-இல் பஹ்ராயிச் அரசுப் பள்ளியில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். பின்னர், வேலை பார்த்துக்கொண்டே படித்து 1916-இல் இன்டர்மீடியட்டும் 1919-இல் பி.ஏ.வும் தேறினார். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நம் போன்றோர் இவ்வாண்டுக் கணக்கை மனத்தில் குறித்துக்கொள்வது நலம்.

அலுவலுக்கு அப்பால்

ஆசிரியராகவும், பின்னர்ப் பள்ளிகளைப் பார்வையிடும் துணை ஆய்வாளராகவும் ஊர் ஊராகச் சுற்றியபோதே அவர் எழுதி வந்தார். அரசாங்கத்தின் நேரம் அரசாங்கத்துக்கு. எஞ்சிய நேரம் எழுத்துக்கு. மகோபா, ஹமீர்பூர்ப் பகுதிகளின் சிற்றூர்களில் அவர் கண்ட குடியானவர்களும் கடன்காரர்களும் பிற்காலத்தில் அவருடைய கதைகளில் வந்து உலாவினர்.

அக்காலத்தில் நவாப் ராய் என்னும் பெயரில் உருதுவில் எழுதினார். நாட்டுப்பற்றைப் பேசும் ஐந்து கதைகள் கொண்ட 'சோஜே வதன்' 1908-இல் வெளிவந்தது. மாவட்டக் கலெக்டர் அவரை அழைத்து விசாரித்தார். விற்காமல் கைவசமிருந்த படிகளெல்லாம் ஒப்படைக்கப்பட்டு எரியூட்டப்பட்டன. இனி எழுதுவதையெல்லாம் முன்கூட்டியே காட்டி அனுமதி பெற வேண்டும் என்பது கட்டளை. கதை எழுதுவதற்கும் மேலதிகாரியின் கையொப்பம் வேண்டுமென்றால் எழுதுவது எங்ஙனம்? அவருடைய நண்பரும், கான்பூர் 'ஜமானா' இதழின் ஆசிரியருமான தயாநாராயண் நிகம் வேறொரு பெயரை எடுத்துக் கொடுத்தார். 1910-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விதழில் வந்த ஒரு கதையின் அடியில் பிரேம்சந்த் என்னும் பெயர் முதன்முதலாகத் தோன்றியது. தன்பத் ராய் அலுவலகத்தில் இருந்தார். பிரேம்சந்த் நாடெங்கும் உலவினார்.

தொழில் முறை

உள்ளம் பொங்கும்போது மட்டும் எழுதுவது என்னும் வழக்கம் அவரிடம் இல்லை. உழவன் நாளும் வயலுக்குச் செல்வது போல நாளும் எழுத அமர்ந்தார். நாவல் எழுதுமுன் அதன் போக்கையும் பாத்திரங்களின் இயல்பையும் ஆங்கிலத்தில் குறிப்பாக வரைந்துகொள்வார். பின்னரே கதையை எழுதுவார். உருதுவில் தொடங்கிய அவர், நாளடைவில் இந்தியிலும் எழுதினார். நேராக இந்தியிலேயே அவர் எழுதிய முதல் நாவல் 1926-இல் வந்த 'காயாகல்ப்'. அதற்கு முன்னர் உருதுவில் எழுதியதை இந்தியாக்கி வெளியிடுவது அவர் முறை. ஒரே விளைச்சலை இரண்டு சந்தைக்குக் கொண்டு செல்லும் உழவனின் அறிவு இது. 'சேவாசதன்' நாவலின் இந்தி வடிவுக்குக் கல்கத்தா வெளியீட்டாளர் 450 ரூபாய் அளித்தார். மூலமான உருது வடிவுக்கு லாகூரில் கிடைத்தது 250 ரூபாய்.

வெறும் நிகழ்ச்சி கதையாகாது என்பது அவர் கொள்கை. மனித மனத்தின் உண்மை ஒன்று அதில் வெளிப்பட வேண்டும். அது அகப்பட்ட பிறகே அவர் கதையைத் தொடங்குவார். ஏறத்தாழ முந்நூறு சிறுகதைகளும் ஒரு டசன் நாவல்களும் இவ்வாறு பிறந்தன. அவருடைய மகன் அம்ரித் ராய் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் பெயர் 'எழுதுகோற் போர்வீரர்' என்று பொருள்படும். மதன் கோபால் எழுதியதன் பெயர் 'எழுதுகோல் தொழிலாளி' என்று பொருள்படும். இரண்டும் பொருந்தும், ஆயினும் இரண்டாவதே நம் நெஞ்சுக்கு நெருக்கமானது.

வேலை துறந்தமை

1921 பிப்ரவரி 8 அன்று கோரக்பூரில் காந்தியடிகள் பேசினார். அரசாங்க வேலையைத் துறக்குமாறு அவர் விடுத்த அழைப்பைக் கேட்டவர்களுள் பிரேம்சந்தும் ஒருவர். வீட்டில் சிறு பிள்ளைகள், உடம்போ தீராத வயிற்று நோய்க்கு இருப்பிடம், சேமிப்போ சொல்லத்தக்கதன்று. மனைவியார் சிவராணி தேவியுடன் கலந்து எண்ணினார். அவ்வம்மையாரும் இசைந்தார். சில நாட்களில், இருபதாண்டுப் பணியை விட்டு வெளியேறினார். இராஜினாமாக் கடிதம் எழுதச் சில வரிகள் போதும். அதன்பின் வரும் ஒவ்வொரு முதல் தேதியையும் கடப்பதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும் என்பதைச் சம்பளக்காரர்களாகிய நாம் நன்கறிவோம்.

சிவராணி தேவியும் ஒரு கதாசிரியர். 1930-இல் அந்நியத் துணிக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். கணவரைப் பற்றி அவர் எழுதி 1944-இல் வெளிவந்த நூல், எழுத்தாளன் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து எழுதப்பட்ட வரலாறாகும்.

அச்சகமும் பத்திரிகையும்

பிறர் கையை எதிர்பாராமல் வாழ எண்ணி 1923-இல் காசியில் சரஸ்வதி அச்சகத்தை நிறுவினார். 1930-இல் 'ஹன்ஸ்' மாத இதழையும், பின்னர் 'ஜாகரண்' வார இதழையும் நடத்தினார். அச்சுத் தொழிலில் காகிதக்காரனுக்கும் கோப்போருக்கும் குறித்த நாளில் பணம் தந்தாக வேண்டும். விற்றவர்களிடமிருந்து வரவேண்டிய பணமோ வந்தபோதுதான் உண்டு. அச்சகமும் இதழ்களும் தொடர்ந்து நட்டத்தையே தந்தன. நாவலில் வந்தது அச்சகத்தில் போயிற்று. போதாக்குறைக்கு ஆங்கில அரசாங்கம் பிணைத்தொகை கேட்டு நெருக்கியது.

கடனைத் தீர்க்கும் பொருட்டு 1934-இல் பம்பாய் சென்று, அஜந்தா சினிடோன் என்னும் படக்கம்பெனியில் ஆண்டுக்கு 8,000 ரூபாய் ஒப்பந்தத்தில் கதை எழுத அமர்ந்தார். ஆலைத் தொழிலாளரைப் பற்றி அவர் எழுதிய 'மஜ்தூர்' படம் சில இடங்களில் தடை செய்யப்பட்டது. இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. தொழிலாளருக்காகப் படக்கதை எழுதிய அவருடைய காசி அச்சகத்திலேயே, கூலி நிலுவைக்காகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவரைக் கொடியவர் என்று சொல்வாரில்லை. தொழிலாளர் கேட்டதும் நியாயமே. பெட்டியில் பணமில்லாத நல்லவனின் நிலை இதுவேயாம். பிறர் விருப்பத்துக்குக் கதையை வளைக்கும் படத்தொழில் அவருக்கு ஒவ்வவில்லை. 1935-இல் ஒப்பந்த ஆண்டு நிறைவதற்கு முன்பே ஊர் திரும்பினார்.

தமிழகத் தொடர்பு

பம்பாயில் இருந்தபோது, 1934-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து, தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார். அவருடைய 'சேவாசதன்' எஸ். அம்புஜம்மாளின் தமிழாக்கத்தில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கே. சுப்பிரமணியம் அதனை 'சேவாசதனம்' என்று 1938-இல் படமாக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி திரையில் தோன்றிய முதற் படம் அதுவே. அந்தோ! அதனைக் காண ஆசிரியர் உயிருடன் இல்லை.

இறுதி நாட்கள்

பசு ஒன்றை வாங்கி வீட்டில் கட்ட ஆசைப்பட்ட ஏழை உழவன் ஹோரியின் கதையான 'கோதான்' 1936-இல் வெளிவந்தது. அவர் வாழ்நாளில் முற்றுப்பெற்ற கடைசி நாவல் அது. அப்போதே நோய் முற்றியிருந்தது. 'ஹன்ஸ்' இதழுக்கு மீண்டும் பிணைத்தொகை கேட்டபோது, நோய்ப்படுக்கையிலிருந்தே பணம் கட்டி இதழைக் காத்தார். 1936 அக்டோபர் 8 அன்று, 56-ஆம் வயதில், முடிவுறாத நாவல் ஒன்றை விட்டுவிட்டு மறைந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1980-இல், அவருடைய உருவம் தாங்கிய 30 பைசா அஞ்சல்தலை வெளிவந்தது. அஞ்சலக எழுத்தரின் மகனுக்கு இதனினும் பொருத்தமான சிறப்பு வேறு உண்டோ?

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு. அலுவல் முடிந்த பின் எஞ்சும் ஒரு மணி நேரம் சிறிதன்று. நாளும் பேணினால் அது முந்நூறு கதையாகும் என்பது ஒன்று. எழுத்தாளனைக் காப்பது அவன் மறைந்த பின் இடும் மாலையன்று, அவன் வாழும் காலத்தில் நாம் கொடுக்கும் நூல்விலையே என்பது மற்றொன்று.

தாய்நாட்டை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் நமக்குத் தமிழ்க் கதையே ஊரின் மண்வாசனை. நம் காலனியில் ஓர் இதழ் ஒரு வீட்டுக்கு வந்தால் பத்து வீடு சுற்றுகிறது. இரவல் படிப்பதும் படிப்பே. ஆயினும் இரவலால் எழுத்தாளன் வீட்டு உலை கொதிப்பதில்லை. வீட்டுக்கு ஒரு தமிழ் நூலேனும் ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்குவோமாக. பிறந்த நாளுக்கும் திருமணத்துக்கும் நூல் பரிசளிப்போமாக. சங்க நூலகத்தின் அலமாரி நிறையட்டும். பிரேம்சந்தை இந்தியில் படிக்கும் நம் பிள்ளைகள், தம் தாய்மொழிக் கதைகளையும் அதே ஆர்வத்துடன் படிக்கட்டும். எழுதுகோல் உழவர்கள் வாழ்க! நம் சங்கம் வளர்க!