நன்கொடையும் வரியும்: பெரம்பலூர் – அரியலூர் வட்டாரப் புலம்பெயர்வை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

வறியவராய் அயல்நாட்டில் வந்திறங்கிய தம் இனத்தாருக்கென யூதர்கள் நடத்திய சங்கங்கள் புலம்பெயர்வு வரலாற்றில் தனித்த இடம் பெறுவன. இலண்டனில் 1885இல் ஏழை யூதர் தற்காலிகத் தங்குமிடம் தோன்றியது. நியூயார்க்கில் 1889இல் எழுந்த எபிரேயத் தங்குமிடச் சங்கமும் 1902இல் எழுந்த எபிரேயக் குடிவரவாளர் உதவிச் சங்கமும் 1909இல் ஒன்றாயின. எல்லிஸ் தீவில் அச்சங்க முகவர் வந்தோரிடம் இத்திஷ் மொழியில் பேசினார். திருப்பி அனுப்பப்படவிருந்தோருக்காக அதிகாரிகளிடம் வாதாடினார். முன்னரே வந்து காலூன்றியோரின் நன்கொடையே அதன் முதல்.

இதே காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்த கூலித்தொழிலாளர்க்கு வாய்த்தது வேறொன்று. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியவை. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள்திரட்டப்பட்ட முதன்மைப் பகுதிகளுள் திருச்சிராப்பள்ளி மாவட்டம் ஒன்று. இலங்கைத் தோட்டத்துரைமாரின் தொழிலாளர் ஆணையம் 1904இல் திருச்சிராப்பள்ளியையே தலைமையிடமாகக் கொண்டது இதற்குத் தக்க சான்று.

மலாயாவில் 1907இல் தமிழர் குடிவரவு நிதி நிறுவப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடிவரவு நிதி எனப்பட்டது. தொழிலாளரை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியிடமும், ஆள்திரட்டினாலும் திரட்டாவிட்டாலும், வேலைநாள் கணக்கில் வரி பெறப்பட்டது. கங்காணியின் ஊக்கத்தொகை, தொடர்வண்டிக் கட்டணம், முகாம் உணவு, கப்பற்கட்டணம் யாவும் அதிலிருந்தே தரப்பட்டன. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. முன்பு வழிச்செலவு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. இப்போது அவன் கடனின்றிக் கரையேறினான். இலங்கையிலோ கடன்தொகை குறித்த ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிந்தது.

எனினும் இந்நிதியை அறம் எனல் பொருந்தாது. அது முதலாளிகள் தம்முள் பகிர்ந்துகொண்ட ஆட்சேர்ப்புச் செலவு. நிதியை ஆண்ட குழுவில் அரசு அலுவலரும் தோட்ட முதலாளிகளுமே மேலோங்கினர். நகரத்தாரின் கிட்டங்கிகள் அவர்தம் வணிகச் சுற்றத்துக்குரியவை. தினக்கூலியில் வாழ்ந்தோரிடமோ சங்கம் நடத்தும் அளவுக்கு மிச்சமில்லை. மலாயா மத்திய இந்தியர் சங்கம் 1936இல்தான் உருவாயிற்று.

இவ்வேறுபாடு 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் வெளிப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்ததும், ஆள் கொணர்ந்த அதே நிதி அவர்களைத் திருப்பியனுப்பக் கப்பற்கட்டணம் செலுத்தியது. எல்லிஸ் தீவுச் சங்கம் எதனைத் தடுக்க வாதாடிற்றோ, அதற்கே இங்கு நிதி பயன்பட்டது. விலை ஏறியபின் 1934இல் ஆள்திரட்டல் மீண்டும் தொடங்கியது. 1938 சூனில் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை அது தொடர்ந்தது.