கல்கத்தாவின் இரு கடிகாரங்கள்

காலம் ஒன்றே, அதனை அளந்து கூறும் வழக்கமே ஊருக்கு ஊர் வேறுபட்டு வந்திருக்கிறது. சூரியன் உச்சிக்கு வரும் வேளையே நண்பகல் என்று கொண்டால், கிழக்கே உள்ள ஊரில் அது முந்தியும், மேற்கே உள்ள ஊரில் பிந்தியும் வருதல் இயல்பு. மாட்டு வண்டியில் பயணம் செய்த காலத்தில் இவ்வேற்றுமையால் எவருக்கும் இடர் நேரவில்லை. புகைவண்டியும் தந்தியும் தோன்றிய பின்னரே, எந்த ஊரின் நேரத்தை நம்புவது என்னும் வினா எழுந்தது. அவ்வினாவைக் கல்கத்தா நகரம் எதிர்கொண்ட வரலாற்றையும், அதே வினா இன்று கணிப்பொறிக்குள் மீண்டும் எழுந்து நிற்பதையும் இங்கே நாம் காண்போம்.

கல்கத்தாவின் நேரம் கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 53 நிமிடம் 20 விநாடி முந்தியது. சென்னையின் நேரமோ ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. சென்னையில் வானாராய்ச்சி நிலையம் இருந்தமையால், சென்னை நேரமே புகைவண்டிகளின் நேரமாகப் பெரிதும் வழங்கலாயிற்று. ஆகவே, சென்னை நேரப்படி பத்து மணிக்கு ஹௌராவை விட்டு ஒரு வண்டி புறப்படுமாயின், அப்பொழுது கல்கத்தா நகரத்துக் கடிகாரம் பத்து மணி முப்பத்திரண்டு நிமிடம் காட்டும். நகரத்துக்கு ஒரு கடிகாரம், இருப்புப் பாதைக்கு ஒரு கடிகாரம் என இரண்டு வழங்கின. இரண்டும் பழுதற்றவையே, இரண்டும் மெய்யே கூறின. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொண்டவர் குழப்பத்துக்கு ஆளாயினர்.

1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை ஆதாரமாகக் கொண்டு, கிரீனிச்சுக்கு 5½ மணி முந்தியதாக அது வகுக்கப்பட்டது. எனினும் கல்கத்தா தன் வழக்கத்தை உடனே விட்டுவிடவில்லை. பொது நேரத்துக்குச் சுமார் 24 நிமிடம் முந்திய தன் சொந்த நேரத்தை அது 1948 வரையிலும் பேணிற்று. பம்பாயோ 1955 வரையில் 39 நிமிடம் பிந்திய தன் நேரத்தை வைத்துக்கொண்டிருந்தது. சுதந்திர இந்தியா ஒரே கடிகாரத்தைப் பார்க்கப் பழகியது அதற்குப் பின்னர்தான்.

கல்கத்தா தன் நேரத்தைக் கைவிட்டுச் சில ஆண்டுகளே சென்றிருந்தன. 1950-களின் நடுவில், அந்நகரத்து இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலேயே இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி வந்து அமைந்தது. வீட்டு மேசைக்குக் கணிப்பொறி வந்து சேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட சிறு கணிப்பொறியில், மின்சாரம் நின்ற பின்னும் நேரத்தை நினைவில் வைத்திருக்கும் கடிகாரம் இல்லை. யந்திரத்தை முடுக்குந்தோறும், இன்று என்ன தேதி, இப்பொழுது மணி என்ன என்று அது வினவும்; உரியவர் விடையளிக்க வேண்டும். 1984-இல் வந்த ஏ.டி. என்னும் யந்திரத்தில்தான் சிறு மின்கலத்தால் இயங்கும் கடிகாரச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் ஒன்று அதன் நாடியாகும். யந்திரம் உறங்கினும் இச்சில்லு உறங்குவதில்லை.

இவ்வாறு கணிப்பொறிக்குள்ளும் இரு கடிகாரங்கள் அமைந்துவிட்டன. ஒன்று, மின்கலத்தில் ஓடும் வன்பொருட் கடிகாரம். மற்றொன்று, யந்திரம் விழித்திருக்கையில் இயக்க முறைமை தானே எண்ணிவரும் கடிகாரம். தொடங்கும்போது பின்னது முன்னதைப் பார்த்து நேரத்தை அறிந்துகொள்கிறது. பிறகு தன் போக்கில் நடக்கிறது. டாஸ் என்னும் இயக்க முறைமையின் தொடக்கப் பதிப்புகளில், நேரத்தைத் திருத்தும் கட்டளை இரண்டாவது கடிகாரத்தை மட்டுமே திருத்திற்று. மாலையில் திருத்திய நேரம் மறுநாட் காலையில் பழையபடியே நிற்கும். சில்லைத் திருத்தத் தனி நிரல் ஒன்றை நாட வேண்டியிருந்தது. 1987-இல் வந்த 3.3 பதிப்பே ஒரே கட்டளையால் இரண்டையும் திருத்த வழி செய்தது.

இதனினும் நுட்பமான குறை ஒன்று எஞ்சியது. அச்சில்லில் விநாடி, நிமிடம், மணி, நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றுக்குத் தனித்தனி அறைகள் உண்டு. ஆனால் அந்நேரம் எந்த ஊரின் நேரம் என்று குறிக்க அறை ஏதும் இல்லை. அதனை இயக்க முறைமையே முடிவு செய்தாக வேண்டும். டாஸ் மரபில் வந்த விண்டோஸ், சில்லில் இருப்பது உள்ளூர் நேரமே என்று கொள்கிறது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ், அதனை உலகப் பொது நேரமாகக் கொள்வதையே விரும்புகிறது. நேரத்தைப் படிக்க எவர்க்கும் உரிமை தந்து, மாற்றும் உரிமையை நிர்வாகிக்கு மட்டுமே அது அளிக்கிறது. சில்லில் உள்ளது உலக நேரமா, உள்ளூர் நேரமா என்பதையும் சிறு கோப்பு ஒன்றில் எழுதிவைக்கிறது.

கொல்கத்தாவில் ஒரே கணிப்பொறியில் இவ்விரண்டையும் நிறுவிய மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காலை பத்து மணிக்கு லினக்ஸ் சில்லில் நாலரை மணி என்று எழுதும். பின்னர் விண்டோஸ் விழித்து, விடியற்காலை நாலரை என்றே நம்பும். மாறாக, விண்டோஸ் பத்து என்று எழுதியதை லினக்ஸ் படித்தால், பிற்பகல் மூன்றரை என்று காட்டும். யந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. ஹௌராவில் நேர்ந்த அதே குழப்பம்தான் இது. இதனை அற்பமென்று தள்ளுதல் ஆகாது. பிந்தி எழுதிய கோப்பு முந்தியதாகத் தோன்றும். இணையத்தில் நம்பகச் சான்றிதழ்கள் செல்லாதவையென மறுக்கப்படவும் கூடும். இரு முறைமைகளும் ஒரே வழக்கத்தைக் கொள்ளுமாறு அமைப்பதே பரிகாரம்.

அவ்வழக்கம் உலக நேரமாக இருத்தல் நன்று என்று நாம் கருதுகிறோம். அரசாங்கங்கள் நேர விதிகளை மாற்றுவதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. சில்லில் உலக நேரம் நின்றால், விதி மாறும்போது விதிப் பட்டியலைத் திருத்தினால் போதும். கடிகாரத்தைத் தொட வேண்டுவதில்லை. கணிப்பொறிகள் பயன்படுத்தும் அப்பட்டியலில் இந்திய நேரம் கொல்கத்தாவின் பெயராலேயே பதியப்பட்டிருக்கிறது. நகரின் பெயர் 2001-இல் மாறிய பின்னும், பழைய நிரல்களின் பொருட்டுக் கல்கத்தா என்னும் பெயரும் அங்கே காக்கப்பட்டு வருகிறது.

விண்டோஸில் நேர மண்டலத்தைத் தெரிந்தெடுக்கும் இடத்தில், இந்தியாவுக்குரிய வரியில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்னும் நான்கு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கக் காணலாம். முதல் மூன்றும் ஒரு காலத்தில் தத்தமக்கெனத் தனி நேரம் வைத்திருந்த நகரங்கள். அவை ஒரே வரியில் வந்து நிற்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. எந்த ஊரின் நேரம் என்று அறியாத வரையில், கடிகாரம் காட்டும் எண் வெறும் எண்ணே என்பதை அந்த ஒரு வரி நமக்கு உணர்த்துகிறது.