வீடு முதலில் வந்ததா, ரயில் முதலில் வந்ததா?



வீடு பார்க்கப் போகும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி விலை. அடுத்த கேள்வி, "ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?" விளம்பரத்தில் "பத்து நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். அது எந்த நேரத்துப் பத்து நிமிடம் என்பது குடிவந்த பிறகுதான் நமக்குத் தெரியும். இந்தத் தூரம் தற்செயலாக அமைந்ததல்ல. சென்னையில் எங்கே வீடு கட்டலாம், எங்கே ரயில் விடலாம் என்று நூறு ஆண்டுகளாக எடுத்த முடிவுகளின் விளைவு அது. அடுத்த இருபது ஆண்டுக்கான முடிவுகள் இப்போது எடுக்கப்படுகின்றன. அதனால் இந்த இதழில் அந்தக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

ரயிலோடு வளர்ந்த மாம்பலம்

1921 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை சுமார் 5.27 லட்சம். ஜார்ஜ் டவுனும் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் நெரிசலில் திணறின. 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து நகரசபை மாம்பலத்தில் ஒரு புது நகரைத் திட்டமிட்டது. பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய தி.நகர் அதுதான். நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள் என்று வரைபடம் போட்டுக் கட்டிய ஊர்.

அந்த ஊருக்கு உயிர் கொடுத்தது பக்கத்தில் ஓடிய ரயில் பாதை. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பாரிமுனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் மாம்பலத்திலோ சைதாப்பேட்டையிலோ குடியிருக்கலாம் என்ற நிலை வந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் ஊர் முளைத்தது. ரங்கநாதன் தெரு இன்றைக்கும் அப்படிப் பிதுங்குவதற்குக் காரணம், அது ஸ்டேஷன் வாசலில் தொடங்குவதுதான்.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. தி.நகர் எழுந்தது ஒரு பெரிய ஏரியின் படுகையில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. பெருமழையில் அங்கே தண்ணீர் தேங்கினால், பழைய இடத்தைத் தேடி வந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

வீடு முன்னே, ரயில் பின்னே

சுதந்திரத்துக்குப் பிறகு வேகம் கூடியது. சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு மனைகள் பிரித்தது, சி.ஐ.டி. நகரின் பெயரில் இருப்பது அந்த டிரஸ்ட்தான். 1961-ல் வீட்டுவசதி வாரியம் வந்தது. அசோக் நகர், கே.கே.நகர், அண்ணா நகர் என்று அகலமான சாலையும் பூங்காவும் பள்ளிக்கு இடமும் ஒதுக்கி அது போட்ட நகர்களை இன்றும் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1953-லேயே டிராம் வண்டிகள் நிறுத்தப்பட்டுவிட்டன. புது நகர்களுக்குப் பெரும்பாலும் பஸ் மட்டுமே கதி. அண்ணா நகரில் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது 1968-ல். அண்ணா நகர் டவர் மெட்ரோ நிலையம் திறந்தது 2017-ல். இடையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். அதற்குள் ஸ்கூட்டரும் காரும் வாங்கிப் பழகிவிட்ட குடும்பம், ரயில் வந்துவிட்டது என்பதற்காக உடனே வண்டியை விற்றுவிடாது.

பழைய மாமல்லபுரம் சாலையிலும் இதே கதை. முதலில் ஐ.டி. கம்பெனிகள், பிறகு அடுக்குமாடிகள், கடைசியில் மெட்ரோ தூண்கள். 118.9 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோவின் ஒரு பாதை அந்தச் சாலையில் வருகிறது. குடிவந்தவர்கள் பல ஆண்டு காத்திருந்தபின் வருகிறது.

ரயில் வந்தும் ஆள் ஏறாத கதை

ரயிலை விட்டுவிட்டால் மட்டும் போதுமா? பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை நீண்டது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி எழும்பிய நிலையங்கள் பிரம்மாண்டமானவை. பல நிலையங்களின் வாசலில் பஸ் நிற்காது. வெளிச்சமும் இல்லை, கடையும் இல்லை. இருட்டினால் தனியாகப் போகப் பெண்கள் யோசிக்க வேண்டியிருந்தது. வேளச்சேரியைப் பரங்கிமலையோடு இணைக்க வேண்டிய சுமார் 5 கி.மீ. தூரம், நிலம் எடுப்பதில் சிக்கி ஆண்டுக்கணக்கில் நின்றது.

ரயில், பஸ், மெட்ரோ மூன்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர 2010-ல் சட்டம் இயற்றினார்கள். அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபோது, ரயில் பாதை அருகிலேயே ஓடியும் இறங்க ஸ்டேஷன் இல்லை. பொங்கலுக்கு ஊர் போய்த் திரும்பியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தள்ளி வைக்கப்பட்டவர்கள்

அதிகம் இழந்தவர்கள் நாம் அல்ல. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் கட்டித் தந்தார்கள். பின்னாளில் கொள்கை மாறியது. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்தவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வீடு கிடைத்தது, வேலை நகருக்குள்ளேயே இருந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் நடந்தே வேலைக்குப் போனவர் இன்று 20 கி.மீ.க்கு மேல் பஸ்ஸில் வர வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் போக வர ஆகும் நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மா காலையில் ஏன் தாமதமாக வருகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

நம் பங்கு என்ன?

சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான் 1970-களில் வந்தது; இரண்டாவது 2008-ல். மூன்றாவது, 2026 முதல் 2046 வரைக்கானது, தயாராகிறது. திட்டப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கி 2022-ல் அரசு ஆணையிட்டது. அந்தப் பரப்பில் வீடுகள் மறுபடியும் ரயிலை முந்திக்கொண்டு போகுமா என்பதுதான் கேள்வி.

மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபமும் கருத்தும் சொல்லப் பொதுமக்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. சொல்வதற்கு முன் நமக்குள் ஒரு நேர்மை வேண்டும். ஸ்டேஷன் பக்கத்தில் வீடு வேண்டும் என்கிறோம். அங்கே இன்னும் நான்கு மாடி கூடுதலாகக் கட்டினால் எதிர்க்கிறோம். பஸ் வேண்டும் என்கிறோம். ஸ்டாப் நம் கேட்டுக்கு எதிரே வேண்டாம் என்கிறோம். தண்ணீர், கழிவுநீர், வெளிச்சம் பற்றிய பயம் நியாயமானது. அதற்கு உத்தரவாதம் கேட்போம். ஆனால் ஸ்டேஷன் அருகே இடம் மறுக்கப்படும் ஒவ்வொரு குடும்பமும் எங்கோ ஓர் ஏரிக்கரையில் வீடு வாங்கி, ஒரு காரோடு நம் சாலைக்கே திரும்பி வரும்.

அடுத்த பொதுக்குழுவில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம் என்பது என் யோசனை. மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கலாம்: ஸ்டேஷன் வரை உடையாத நடைபாதை, ரயில் நேரத்துக்கு ஒத்துவரும் சிற்றுந்து, ஸ்டேஷன் அருகே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் வீடு. உங்கள் கருத்தைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கூட்டத்துக்கும் தவறாமல் வாருங்கள்.