கட்-ஆஃப் விசாரிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கணக்கு வாத்தியாரான என்னிடம் கேட்பார்கள்: "சார், 182 கட்-ஆஃப். எந்த இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்கும்?" எந்தப் பாடப்பிரிவு, எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவு, வெளியூர் போவானா, எதுவும் சொல்ல மாட்டார்கள். எம்பிசி மாணவனுக்கும் பொதுப்பிரிவு மாணவனுக்கும் ஒரே பதிலை எப்படிச் சொல்வது?

1984-85இல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300. ஆனால் இந்த விசாரிப்பு சூடுபிடித்தது, 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு நடத்தத் தொடங்கிய பிறகுதான். அப்போது கிண்டி வளாகத்தில் காலியிடங்கள் திரையில் ஓடும். அப்பாக்கள் கல்லூரிக் குறியீட்டு எண்ணைக் கையேட்டில் தேடிப் பேனாவால் அடித்துக்கொண்டே வருவார்கள். பக்கத்தில் நிற்பவர், தன் பிள்ளையின் கட்-ஆஃபை ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு, "அந்தக் காலேஜா? சேர்க்காதீங்க" என்பார். காரணம் சொல்ல மாட்டார். இடம் தவறிப்போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகம் அங்கேயே சுண்டிவிடும். இது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. கட்-ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200 என்றாயிற்று. 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது.

போன வருடக் கட்-ஆஃபை மட்டும் இன்னும் வேதமாக ஓதுகிறார்கள். வினாத்தாள் எளிதானால் அது ஏறும், கடினமானால் இறங்கும். மதிப்பெண்ணை விடத் தரவரிசை எண்ணைப் பாருங்கள். உங்கள் பிரிவில் அந்த எண்வரை எந்தக் கல்லூரி நிரம்பியது என்று தேடுங்கள். அந்த விவரத்தோடு வாருங்கள், இரவு பத்து மணியானாலும் உட்கார்ந்து பார்க்கலாம்.