கடையும் கெடாயும்

மலாக்கா நகரிலும் ஜாசின், அலோர்காஜா போன்ற சிறு பட்டணங்களிலும் பெயர்ப்பலகைதோறும் ‘கெடாய்’ என்னும் சொல் காணப்படும். தோட்டத்துப் பிள்ளைகள் அதனை மலாய்ச் சொல்லென்றே பள்ளியிற் கற்கின்றனர். அது தமிழ்க் ‘கடை’யே. ஆயின் ஒலியொப்புமை ஒன்றே சான்றாகிவிடாது. தலையைக் குறிக்கும் மலாய்க் ‘கெபாலா’ தமிழில் வழங்கும் ‘கபாலம்’ போன்றே ஒலிக்கிறது. இரண்டிற்கும் மூலம் வடமொழி. காதுக்கு இனிதாக ஒலிப்பதையெல்லாம் தமிழென்று உரிமை கொண்டாடுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

கடை என்பதன் பழம்பொருள் இறுதி, எல்லை. கடைக்கண், கடைவாய் என்பன காண்க. வீட்டின் எல்லை வாயிலாதலின், சங்க நூல்களில் வாயிலும் கடை எனப்பட்டது. புழைக்கடை என்பதில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. வாயிலையொட்டிப் பண்டம் விற்ற இடமே பின்னர்க் கடையாயிற்று எனல் பொருந்தும். மதுரைக்காஞ்சி காட்டும் சந்தைகளோ நாளங்காடியும் அல்லங்காடியும்.

கன்னடக் ‘கடெ’யும் தெலுங்குக் ‘கட’வும் இறுதி, பக்கம் என்னும் பொருளின. அம்மொழியினர் விற்பனையிடத்தை ‘அங்கடி’ என்பர். இவ்வினச் சொற்களைப் பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியிற் காணலாம். இவ்வாறு இனமொழிகளை ஒப்பிட்டே, எழுத்தில் எங்கும் கிடைக்காத மூலத்திராவிட வடிவங்களை அறிஞர் மீட்டு, உடுக்குறி இட்டு எழுதுவர்.

விற்பனையிடம் என்னும் பொருள் தமிழிலும் மலையாளத்திலும் வேரூன்றியது. மலையாளச் சொல் ‘கட’ என அகரத்தில் முடிய, மலாய்ச் சொல்லோ ஐகாரத்தைக் காத்து நிற்கிறது. ஆகவே அது தமிழிலிருந்தே சென்றது என்க.

இதனினும் சுவையானது வேறொன்று. தமிழெழுத்து வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டாது, மலாய் காட்டுகிறது. பெட்டி ‘பெத்தி’ என்றும், கட்டில் ‘காத்தில்’ என்றும், கப்பல் ‘காப்பால்’ என்றும் இரட்டித்த வல்லினம் வல்லோசையோடே சென்றன. கடை, முதல், கழுதை என்பவற்றின் தனி வல்லினமோ கெடாய், மோடால், கெல்டாய் என மெல்லோசையாயிற்று. இவை கடல் கடந்த நாளில், உயிரிடைத் தனி வல்லினத்தைத் தமிழர் இன்றுபோலவே நெகிழ்த்து ஒலித்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எழுத்துப்படியே வல்லோசையாய் ஒலித்தல் வேண்டும் என்று வகுப்பில் வற்புறுத்தும் ஆசிரியர் இதனைக் கருதுக.

கடன்சொல் இவ்வாறு சான்று பகர்தல் தமிழுக்கே உரியதன்று. அரசனைக் குறிக்கும் பின்லாந்து மொழிச் சொல் ‘குனிங்காஸ்’. அஃது செருமானிய இனத்திலிருந்து பெற்ற கடன். ஆங்கிலக் ‘கிங்’கும் செருமன் ‘கோனிக்’கும் இழந்துவிட்ட பழைய ஈற்றைக் கடன் வாங்கிய மொழி காத்து வைத்திருக்கிறது.

இச்சொற்களைக் கொண்டு சென்றோர் தோட்டத் தமிழரல்லர். மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர் பயிரிடத் தொடங்கியது 1896இல். சுமாத்திராவின் பாருசில் தமிழ் வணிகக் குழுவினர் கல்வெட்டுப் பொறித்தது 1088இல். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது அங்கே ‘கெலிங்’ வணிகர் செல்வாக்குடன் இருந்தனர். கடல் வணிகர் விட்டுச்சென்ற சொல்லைத்தான் பின்வந்த தோட்டத் தமிழர் மலாயர் வாயில் கேட்டனர்.