முயற்கண் மருத்துவம்: சோதனைக்கூடத்திலிருந்து கூண்டு வரை

மனிதக் கண் மருத்துவத்தின் வளர்ச்சியில் முயலின் கண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் முயலே நோயாளியாக வந்து நின்றபோது அதற்குக் கைகொடுக்கும் அறிவு மிகப் பிந்தியே உருவாயிற்று. ஜெர்மனியில் ஃபிரான்ஸ் ரைசிங்கர், விழிவெண்படலத்தை, அதாவது கண்ணின் முன்புறத்தை மூடி ஒளியை உள்ளே விடும் தெளிந்த படலத்தை, ஒரு கண்ணிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பொருத்தும் தம் சோதனைகளை முயல்களிடத்தும் கோழிகளிடத்தும் செய்து 1824இல் வெளியிட்டார். அந்தச் சிகிச்சை பின்னர் மனிதருக்குக் கைகூடி, 1961இல் ஹட்சன் சில்வா நிறுவிய இலங்கைக் கண்தான சங்கத்தின் வழியாக இந்நாட்டவரின் கண்கள் பல நாடுகளுக்குச் செல்லும் அளவுக்கு விரிந்தது. 1944இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் வகுத்த சோதனைமுறை, மருந்துகளும் ஒப்பனைப் பொருள்களும் கண்ணை எவ்வளவு புண்படுத்தும் என்பதை முயலின் கண்ணில் இட்டே அளந்தது. 1950இல் ஆஸ்திரேலியாவில் மிக்சோமா வைரசு பரப்பப்பட்டு, இமைகள் வீங்கிக் கண் மூடிய முயல்கள் பெருந்தொகையாக மடிந்தபோதும் நோக்கம் குணப்படுத்துவதன்று, அழிப்பதே. இந்த வரலாற்றில் முயலுக்கு நேர்ந்தது அநீதி என்று சொல்வதில் தயங்க வேண்டியதில்லை.

கூண்டில் வளரும் முயலின் நிலையை இலங்கையின் ஒரு மூலையில் பார்ப்போம். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில், கேகாலை வீதி வந்து சேரும் இடமான கரவனெல்லயைச் சூழ்ந்துள்ளவை பெரும்பாலும் இறப்பர்த் தோட்டங்கள். தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் வருமானத்துக்குத் துணைநின்றவை மாடும் ஆடும் கோழியுமே என்பதால், அரச மிருக வைத்திய சேவையின் கவனமும் அவற்றையே சுற்றியிருந்தது; முயல் அதற்கு வெளியே நின்றது. காட்டோரங்களில் துள்ளும் காட்டு முயல் வேறு இனம். கூண்டில் வளர்வது ஐரோப்பாவில் வீட்டுப் பிராணியாக்கப்பட்டு வெளியிலிருந்து வந்த இனம். அதன் கண்ணில் பீளை கட்டினால் உப்புநீரில் துடைப்பதும், மனிதருக்கு வாங்கி மிஞ்சிய சொட்டு மருந்தை இடுவதும் வீட்டு வைத்தியமாக வழங்குகின்றன. சில நாள் தெளிந்த கண் மறுபடியும் வடியத் தொடங்கும்போதுதான் நோயின் உண்மையான இடம் எது என்ற கேள்வி எழுகிறது.

அந்த இடம் பல வேளைகளில் கண்ணே அன்று. மனிதக் கண்ணீர் ஒவ்வொரு கண்ணிலும் மேலிமையில் ஒன்றும் கீழிமையில் ஒன்றுமாக இரு துளைகள் வழியே வடிய, முயலுக்கோ கீழிமையின் உள்மூலையில் ஒரே துளைதான். அதிலிருந்து மூக்குக்குச் செல்லும் கண்ணீர்க்குழாய் மேல்தாடைப் பற்களின் வேர்களை ஒட்டி வளைந்து, முன்பல்லின் அடியில் மிகவும் ஒடுங்குகிறது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. நார் குறைந்த தீவனத்தால் அவை தேயாமல் போனால், வேர் பின்னோக்கி நீண்டு குழாயை நெரிக்கிறது; தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சீழாகிறது. 1990களின் தொடக்கத்தில் இக்குழாயின் அமைப்பும் அதன் மருத்துவப் பொருளும் விரிவாக ஆராயப்பட்ட பின்னரே, பல்லைப் பாராமல் கண்ணுக்கு மட்டும் மருந்திடுவது ஏன் தோற்கிறது என்பது தெளிவாயிற்று. மிருக வைத்தியர் மரப்பு மருந்துச் சொட்டை இட்டு, முனை மழுங்கிய மெல்லிய குழலை அந்த ஒற்றைத் துளையில் நுழைத்து, கிருமி நீக்கிய உப்புநீரை மெதுவாகச் செலுத்தினால், அதே பக்க நாசியிலிருந்து பால் போன்ற தடித்த சீழ் வெளிவரும். நீர் தெளிவாக வரும்வரை அலசி, சில நாள்களுக்குப் பின் மீண்டும் அலச வேண்டியிருக்கும். கூடவே தாடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

இன்னொரு வகைக் கண்நோயில் பீளை பெரிதாக இராது. கண்மணிக்குள் வெண்ணிறத் திரள் தெரியும். 1922இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூட முயல்களிடம் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டு என்செபாலிட்டோசூன் குனிகுலி எனப் பெயரிடப்பட்ட நுண்ணுயிரியே இதற்குப் பெரும்பாலும் காரணம். தாயின் கருப்பையிலேயே குட்டியின் கண்வில்லைக்குள் புகுந்துவிடும் இவ்வுயிரி, பின்னர் வில்லையின் உறை கிழியும்போது கண்ணுக்குள் கடும் அழற்சியைத் தூண்டுகிறது. குடற்புழு நீக்கும் மருந்தாகிய ஃபென்பெண்டசோல் கொடுக்கப்படுகிறது. எனினும் கிழிந்த வில்லையை அகற்றும் அறுவையோ, வலி தாளாத நிலையில் கண்ணையே எடுத்துவிடும் அறுவையோ சில வேளைகளில் தேவைப்படும்.

பாமசியில் கேட்டு வாங்கும் மருந்து முயலிடத்தில் மிகுந்த ஆபத்துடையது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு, விழிவெண்படலத்தில் புண் இருந்தால் அதை ஆழமாக்கும். பெனிசிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் இறக்கவும் கூடும். ஆகவே மிருக வைத்தியரையே நாட வேண்டும். இலங்கையில் மிருக வைத்தியப் பட்டக் கல்வி 1947இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. உள்ளூர் மிருக வைத்தியரால் முடியாத கண்ணுக்கு அங்குள்ள பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பல் நோய் வராமல் காக்கும் தீனியோ கூண்டுக்கு அருகிலேயே வளர்கிறது: வீதியோரத்துக் கினிப் புல்லும், இறப்பர் மரங்களுக்கிடையே மண்ணைக் காக்க விதைக்கப்படும் பியூரேரியாக் கொடியும். முயலின் அன்றாடத் தீனியில் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். கொடியும் அரிசித் தவிடும் அதற்குத் துணை மட்டுமே.